குண்டுங்காவின் பேரன்

ஜகார்த்தாவில் வேலை நிமித்தமாக எட்டு மாதம் இருந்தேன். போன முதல் வாரமே ஒரு சின்ன நோட்டு வாங்கி, காதில் விழுகிற 'நம்ம' வார்த்தைகளை எல்லாம் அதில் குறிக்க ஆரம்பித்துவிட்டேன். கப்பலுக்கு கபால். பெட்டிக்கு பெத்தி. காப்பிக் கடைக்கு கெடாய் கோப்பி. சுருட்டுக்கு செருத்து. தொழிலில் போடுகிற முதலுக்கு மோடால். வெளிநாடு போகிற தமிழனுக்கு வருகிற வியாதிதான் இது. ஊருக்குப் போன் பண்ணும்போது தினம் ஒரு வார்த்தையைப் பரிமாறுவேன். அந்தப் பக்கம் ஒரே பூரிப்பு.

ஒருநாள் பணத்துக்கு இவர்கள் பேச்சு வழக்கில் 'துயித்' என்கிறார்கள் என்று தெரிந்தது. துட்டு! நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். களிமந்தான் தீவின் சமாரிண்டா ஊர்க்காரர். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. நாங்கள் அவரை 'பாக்' என்று கூப்பிடுவோம். அப்பா என்று அர்த்தம், மூத்தவர்களை அப்படித்தான் அழைப்பது. "மாஸ், அது டச்சுக்காரன் செப்புக்காசு" என்றார். மாஸ் என்றால் அண்ணன். வயதில் சிறியவனையும் மரியாதைக்கு அப்படிச் சொல்வார்கள். டச்சுக்காரன் நாகப்பட்டினத்திலும் இருந்தான், இங்கேயும் இருந்தான். இரண்டு ஊரிலும் காசை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். காசை மட்டுமா? பழைய இந்தோனேசியச் சொல் ஒன்று: காகுஸ். நம் கக்கூஸேதான். அதுவும் டச்சு. நம் மேசையும் அவர்களுடைய மேஜாவும், நம் ஜன்னலும் அவர்களுடைய ஜெண்டேலாவும் போர்த்துகீசியன் கொடுத்தவை.

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்க, யூபா கல்லைப் பாருங்க. உங்க எழுத்துதான். ஆனா தாத்தா பேரைப் பார்க்காம வந்துடாதீங்க" என்றார்.

அந்த அருங்காட்சியகத்தை ஜகார்த்தாக்காரர்கள் யானைக் கட்டடம் என்கிறார்கள். 1871ல் சயாம் மன்னர் சூளாலங்கோர்ன் தந்த வெண்கல யானை வாசலில் நிற்கிறது. உள்ளே, கிழக்குக் களிமந்தானின் மூவாரா காமான் என்ற ஆற்றங்கரை ஊரில் கிடைத்த வேள்வித் தூண்கள். யூபம் என்ற சமஸ்கிருதச் சொல்லே யூபா. மொத்தம் ஏழு. செதுக்கி மெருகேற்றிய தூண்கள் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான்; நட்டுவைத்த பாறை மாதிரி கரடுமுரடாக இருக்கும். ஆனால் எழுத்து அழகு. பல்லவ எழுத்து என்று சொல்லப்படும் பழைய தென்னிந்திய எழுத்து, மொழி சமஸ்கிருதம், காலம் ஏறத்தாழ கி.பி. 400. இந்தோனேசியாவில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கல்வெட்டுகள் இவைதான்.

அதில் ஒரு தூண் சொல்லும் கதை இது. குண்டுங்கா என்று ஒரு மன்னன். அவன் மகன் அஸ்வவர்மன். சூரியனைப் போன்றவன், வம்சத்தைத் தொடங்கியவன். அவனுடைய மூன்று மகன்களில் மேலானவன் மூலவர்மன். நிறையப் பொன் கொடுத்து வேள்வி செய்தான், அதற்காகப் பிராமணர்கள் இந்தத் தூணை நட்டார்கள்.

மூலவர்மன், அஸ்வவர்மன் என்று படித்ததும் காஞ்சிபுரம் ஞாபகம் வந்துவிடும். எனக்கும் வந்தது. அப்புறம்தான் பாக் சொன்னது உறைத்தது. குண்டுங்கா சமஸ்கிருதப் பெயர் இல்லை. உள்ளூர்ப் பெயர் என்றே வரலாற்றாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். அதாவது தாத்தா அந்த மண்ணின் தலைவர். மகனுக்கு 'வர்மன்' பெயர். பேரன் வேள்வி செய்து கல்லில் எழுதி வைக்கிறான். கப்பலேறிப் போய் யாரும் இவர்களைப் பிடித்த மாதிரி கல்லில் இல்லை. தங்களுக்குப் பயன்படும் என்று பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு நுணுக்கம்: வம்சத்தைத் தொடங்கியவன் என்ற பட்டம் தாத்தாவுக்கு இல்லை, மகனுக்கு. ஆனாலும் தாத்தாவின் பெயரை விட்டுவிடவில்லை, முதல் வரியிலேயே வைத்திருக்கிறார்கள்.

இந்தோனேசிய அடையாளத்தின் வேர் எது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த முதல் வரியைத்தான் காட்டுவேன். 'இந்தியத் தாக்கம்' என்று நாம் பெருமையோடு படிக்கிற பாடத்தில் தாத்தா காணாமல் போய்விடுகிறார். தாத்தா இல்லாவிட்டால் அங்கே நடந்தது ஒன்றுமே புரியாது.

அந்த வம்சம் என்ற சொல்லையே பாருங்கள். அது மலாயில் 'பங்ஸா' ஆனது. இன்று அதற்கு இனம், தேசிய இனம் என்று அர்த்தம். ஒரு அரச குடும்பத்தைக் குறித்த சொல், 1928ல் இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியில் 'நாங்கள் ஒரே பங்ஸா, இந்தோனேசியப் பங்ஸா' என்று வந்து நிற்கிறது. நகரம் அங்கே போய் 'நெகாரா' ஆகி, நாட்டைக் குறிக்கிறது. தேசம் 'தேசா' ஆகி, கிராமத்தைக் குறிக்கிறது. நகரம் பெருத்து நாடாகிவிட்டது, தேசம் சுருங்கிக் கிராமமாகிவிட்டது. சொந்த ஊர், தாய்நாடு என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டிய இடத்துக்கு மட்டும் கடன் வாங்கவில்லை. 'தானா ஆயிர்' என்பார்கள். நிலம், நீர். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில் இருப்பவர்களுக்கு நீர் இல்லாமல் எப்படித் தாய்நாடு?

மொழிக்கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சுமாத்ராவில், பலெம்பாங் பக்கம், கெடுக்கான் புக்கித் என்ற இடத்தில் ஒரு கல் கிடைத்தது. 683ஆம் ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்ரீவிஜய அரசன் இருபதாயிரம் பேர் கொண்ட படையோடு புறப்பட்ட செய்தி அதில் இருக்கிறது. எழுத்து அதே தென்னிந்திய வகை. மொழி பழைய மலாய். அன்றைக்கே கல்லில் ஏறிவிட்ட மொழி. அப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் கப்பல்காரர்களும் வியாபாரிகளும் துறைமுகம் துறைமுகமாகப் பேசிப் பேசி அதைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அந்த வியாபாரிகளில் தமிழர்களும் உண்டு. ஸ்ரீவிஜயத்தின் மீது 1025ல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கதை நமக்கு மனப்பாடம். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது சுமாத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. கற்பூரத்துக்குப் பேர்போன துறை அது. வடக்கு சுமாத்ராவின் காரோ மக்களில் செம்பிரிங் என்றொரு குலம். அதன் கிளைப் பெயர்கள் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாள என்று பிரித்துப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டில் இதையும் எழுதினேன். ஆனால் பக்கத்திலேயே 'அவர்கள் காரோக்கள்' என்றும் எழுதினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 1926ல் ஜகார்த்தாவில், அப்போது பத்தாவியா, முதல் இளைஞர் மாநாடு. படித்த பிள்ளைகள், பெரும்பாலும் டச்சில்தான் பேச்சு. எதிர்கால நாட்டுக்கு ஒரு பொது மொழி வேண்டும். மக்கள்தொகையில் பெரும்பங்கு ஜாவானியர். இன்றைக்கும் நூற்றுக்கு நாற்பது பேர் அவர்கள்தான். காவியங்கள் உள்ள, அரண்மனை உள்ள மொழி அவர்களுடையது. பெரும்பான்மைக் கணக்குப் பார்த்திருந்தால் ஜாவானியம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்பதற்கு நானே ஒரு நாள் சாட்சி ஆனேன்.

அலுவலகத்தில் ஜாவாக்காரப் பையன் ஒருவனிடம் "சாப்பிட்டாயா என்று உங்கள் மொழியில் எப்படிக் கேட்பது?" என்றேன். "யாரை?" என்று திருப்பிக் கேட்டான். தம்பியை என்றால் மங்ஙான். மரியாதையாகத் தன்னைப் பற்றிச் சொல்லும்போது நெதா. பெரியவர் சாப்பிடுவதைச் சொல்லும்போது தாஹார். சாப்பிடு என்பதற்கு மூன்று வினைச்சொற்கள். மற்ற சொற்களும் அதற்கேற்ப மாறும். தமிழில் நீ, நீங்கள் என்று விகுதியை மாற்றித் தப்பித்துவிடுகிறோம். அங்கே வாயைத் திறப்பதற்கு முன்பே யார் மேல், யார் கீழ் என்று முடிவு கட்டியாக வேண்டும். மலாயில் எல்லோருக்கும் ஒரே மாக்கான். எல்லோரும் சமம் என்று ஒரு நாட்டைக் கட்டக் கிளம்பியவர்களுக்கு எது தோது என்று சொல்ல வேண்டுமா? ஜாவானியத் தலைவர்களே இதை ஏற்றுக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. பெரிய மொழிக்காரர்கள் தாமாக இப்படி விட்டுக்கொடுத்த நாடுகளை எண்ணிப் பார்த்தேன், விரல்கள் மிஞ்சின.

அந்த மாநாட்டில் முகமது யாமின் என்ற சுமாத்ராக் கவிஞர் தீர்மான வரைவில் 'மலாய் மொழி' என்று எழுதினார். மதுராத் தீவைச் சேர்ந்த தப்ரானி ஒத்துக்கொள்ளவில்லை. நாடு இந்தோனேசியா, மக்கள் இந்தோனேசியர். மொழிக்கு மட்டும் ஏன் மலாய் என்று பெயர்? இந்தோனேசிய மொழி என்றே வைப்போம் என்றார். அப்படி ஒரு மொழியே இல்லையே என்றார் யாமின். இல்லாவிட்டால் உண்டாக்குவோம் என்பதுதான் தப்ரானியின் நிலை. இரண்டு வருஷம் கழித்து, 1928 அக்டோபர் 28 அன்று, கிராமாத் சாலை 106ஆம் எண் வீட்டில் இரண்டாம் மாநாடு முடிந்தபோது தப்ரானியின் பெயர்தான் நின்றது. அந்த வீடு மாணவர் விடுதி. உரிமையாளர் ஒரு சீனர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. அன்றைக்கு இசையமைப்பாளர் சுப்ரத்மான் இன்றைய தேசிய கீதத்தை வயலினில் மட்டும் வாசித்தார். டச்சுப் போலீஸ் உட்கார்ந்திருந்ததால் பாட்டு வரிகள் இல்லை. உறுதிமொழியில் முதல் இரண்டு வாக்கியங்களும் 'ஒரே தாய்நாடு', 'ஒரே பங்ஸா' என்கின்றன. மூன்றாவது 'ஒரே மொழி' என்று சொல்லவில்லை. 'ஒற்றுமையின் மொழியான இந்தோனேசிய மொழியைப் போற்றுகிறோம்' என்கிறது. எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு தமிழனுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தோனேசியா என்ற பெயரும் அவர்கள் தோண்டி எடுத்த பழம்பெயர் அல்ல. 1850ல் லோகன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் கட்டுரை ஒன்றில் பயன்படுத்திய கிரேக்க ஒட்டுச்சொல். இந்தியத் தீவுகள் என்ற பொருளில். 1920களில் ஹாலந்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் அதைத் தங்கள் சங்கத்துக்குப் பெயராக வைத்து அரசியல் சொல்லாக்கினார்கள். எல்லைக்கோடும் அப்படித்தான். 1824ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் உட்கார்ந்து மலாக்கா நீரிணையைப் பாகம் பிரித்தார்கள். சுமாத்ராவின் மேடானில் இருக்கும் மலாய்க்காரருக்கும் எதிர்க்கரைப் பினாங்கு மலாய்க்காரருக்கும் பேச்சு, சாப்பாடு, தொழுகை எல்லாம் ஒன்று. அவர் மலேசியர், இவர் இந்தோனேசியர். மேடான்காரரின் நாட்டில்தான் பாப்புவா இருக்கிறது, அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போகாத இடம். டச்சுக்காரன் போட்ட வேலிக்குள் இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து வேலியைத் தங்களுடையது என்று அறிவித்த கதை.

சரி, இவ்வளவு புதுசாகக் கட்டியதற்குப் பழைய பெருமை வேண்டாமா? அதற்கு மஜாபாகித் கிடைத்தது. 1293ல் கிழக்கு ஜாவாவில் எழுந்த பேரரசு. அங்கே 14ஆம் நூற்றாண்டில் ம்பு தந்துலார் எழுதிய சுதசோமா காவியத்தில் ஒரு வரி: பின்னேகா துங்கால் இகா. இன்று அரசுச் சின்னத்தில் கருடன் கால்களில் பிடித்திருக்கும் பட்டையில் இருப்பது அதுதான். நாம் கணக்கில் படித்த பின்னம்தான் அந்தப் 'பின்ன'. துங்கால் என்றால் ஒன்று. வேறுபட்டாலும் ஒன்றே. ஆனால் தந்துலார் எதைச் சொன்னார்? புத்தத் தத்துவமும் சிவத் தத்துவமும் வேறு வேறாகத் தெரிந்தாலும் ஒன்றே என்றார். தீவுகளைப் பற்றியோ இனங்களைப் பற்றியோ அவர் பேசவில்லை. சமயத் தத்துவம் பேசிய வரியை எடுத்துத் தேசத்துக்குச் சட்டை தைத்துவிட்டார்கள். நன்றாகவே பொருந்துகிறது, அதுதான் ஆச்சரியம். அந்தக் கருடனையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்: ஒவ்வொரு சிறகிலும் 17 இறகு, வாலில் 8, கேடயத்துக்குக் கீழே 19, கழுத்தில் 45. 1945 ஆகஸ்டு 17, சுதந்திர நாள். 1950ல் ஏற்றுக்கொண்ட அந்தச் சின்னத்தை வரைந்தவர் பொந்தியானாக் சுல்தான், ஒரு முஸ்லிம். விஷ்ணுவின் வாகனத்துக்கு இறகு எண்ணியவர் அவர்.

மத்திய ஜாவாவில் குடுஸ் என்று ஒரு ஊர். அல்-குத்ஸ், அதாவது ஜெருசலேமின் அரபுப் பெயரிலிருந்து வந்த பெயர். அங்கே 1549ஐச் சேர்ந்த பள்ளிவாசலின் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்தபோது கோயில் என்றே நினைத்தேன். சிவப்புச் செங்கல்லில், அடுக்கடுக்காக, மஜாபாகித் கோயில் சாயலில் எழும்பி நிற்கிறது. சுவரில் பீங்கான் தட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முக்காடு போட்ட ஒரு பாட்டி கிண்ணத்தில் சோறு போட்டு, மேலே சூடாக சோத்தோ ஊற்றினார். மஞ்சளும் பூண்டும் மணக்கும் குழம்பு. கறி கொஞ்சம் கடினமாக இருந்தது. மாட்டுக் கறியா என்றேன். "எருமை, தம்பி. இந்த ஊரில் மாடு அறுக்கிற வழக்கம் இல்லை" என்றார். ஏன் என்று கேட்டேன். "சுனான் சொல்லிவிட்டார்" என்றார், ஏதோ போன வாரம் சொன்ன மாதிரி. இஸ்லாத்தைப் பரப்ப வந்த சுனான் குடுஸ், அங்கிருந்த இந்துக்களின் மனம் நோகக்கூடாது என்று மாட்டை அறுக்க வேண்டாம் என்றாராம். ஐந்நூறு வருஷம் ஆகப் போகிறது. நோகும் என்று அவர் நினைத்தவர்களின் சந்ததிதான் இப்போது எருமைக் கறி பரிமாறுகிறது.

இந்த ஒட்டுவேலை ஜாவாவில் எங்கே கையை வைத்தாலும் தட்டுப்படும். 1633ல் சுல்தான் ஆகுங் நாள்காட்டியை இஸ்லாமியச் சந்திர முறைக்கு மாற்றினார். ஆனால் ஆண்டு எண்ணிக்கையை ஹிஜ்ரிக்குக் கொண்டுபோகவில்லை, சக ஆண்டு 1555ஐ அப்படியே தொடரவிட்டார். தோல்பாவைக் கூத்தான வாயாங்கில் பாண்டவர்கள் வருவார்கள், அவர்களோடு வியாச பாரதத்தில் இல்லாத செமார் என்ற தொந்திக்காரக் கோமாளியும் மூன்று பிள்ளைகளும் வருவார்கள். கோமாளிதான், ஆனால் செமார் தேவன். அர்ஜுனனுக்கே புத்தி சொல்வான். குண்டுங்கா அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

1945 ஜூன் 1 அன்று சுகர்ணோ நாட்டுக்கு ஐந்து கொள்கைகளை முன்வைத்து 'பஞ்ச சீலா' என்று பெயர் சூட்டினார். (கர்ணன் பெயரை வைத்துக்கொண்டவர், தாய் பாலிக்காரி.) அதன் இன்றைய வாசகத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தால் மண் அடுக்கு மாதிரி தெரியும். துஹான் மலாய், மஹா சமஸ்கிருதம். மனுசியா சமஸ்கிருதம், அடில், அடாப் அரபு. ராக்யாத், முஷாவராத் அரபு. சோசியால் டச்சு வழி. இஸ்லாமியத் தரப்பின் விருப்பப்படி, முஸ்லிம்கள் ஷரியத்தைக் கடைப்பிடிக்கும் கடமை என்ற பொருளில் ஏழு சொற்கள் அந்த ஜூன் மாத வரைவில் முதல் கொள்கையோடு சேர்ந்திருந்தன. சுதந்திரம் அறிவித்த மறுநாள், ஆகஸ்டு 18 காலை, கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் பிரிந்துபோவார்கள் என்ற கவலையை சுகர்ணோவின் சகாவான ஹத்தா எடுத்துச் சொல்ல, முஸ்லிம் தலைவர்கள் கொஞ்ச நேரப் பேச்சிலேயே அந்த ஏழு சொற்களை எடுத்துவிடச் சம்மதித்தார்கள். அந்த வருத்தம் இன்னும் சிலருக்குப் போகவில்லை. மறுபக்கம், 'ஒரே இறைவன்' என்ற முதல் கொள்கைக்குள் பாலி இந்துக்கள் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தனை தெய்வங்களுக்கும் மேலே சங் ஹ்யாங் விதி வாசா என்ற ஒற்றை இறைவனை முன்னிறுத்தி, 1950களின் கடைசியில் அங்கீகாரம் வாங்கினார்கள்.

எல்லோருக்கும் அந்தச் சட்டை பொருந்திவிட்டது என்று எழுதினால் பொய். 1965-66ல் இடதுசாரிகள் என்று சொல்லி லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற நாடு இது. கொன்றவர்களும் பஞ்ச சீலத்தின் பேரால்தான் கொன்றார்கள். அதற்குப் பின் 1967ல் சுஹார்த்தோ அரசு சீனப் பண்டிகைகளைப் பொது இடத்தில் கொண்டாடக்கூடாது என்று உத்தரவு போட்டது. உறுதிமொழி பிறந்த வீடு ஒரு சீனருடையது என்றேனே, அந்த மக்களுக்குத்தான். 2000ல் அதை ரத்து செய்தவர் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித், ஒரு மார்க்க அறிஞர். அந்த ஏழு சொற்கள் இருந்த வரைவை எழுதிய ஒன்பது பேரில் அவருடைய அப்பாவும் ஒருவர். இஸ்லாம், இந்து என்று எந்தப் பட்டியலிலும் வராத ஆதி நம்பிக்கைக்காரர்கள் அதை அடையாள அட்டையில் எழுதிக்கொள்ள 2017ல் அரசியலமைப்பு நீதிமன்றம்தான் வழி விட வேண்டியிருந்தது. குண்டுங்காவின் மதம் என்னவென்று அட்டையில் எழுதச் சொல்லியிருந்தால் அவரும் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருப்பார்.

நான் ஊர் திரும்பி சில வருஷம் கழித்து, புதிய தலைநகருக்கு 'நூசந்தாரா' என்று பெயர் வைத்தார்கள். 2022ல் சட்டமே வந்தது. மஜாபாகித் காலச் சொல். ஜாவாவிலிருந்து பார்த்தால் வெளியே இருக்கும் தீவுகள் என்று பொருள். நூசந்தாராவை அடக்கும்வரை சுகம் அனுபவிக்க மாட்டேன் என்று அமைச்சர் காஜா மாடா சபதம் போட்டதாகக் கதை உண்டு. அடக்க வேண்டிய பட்டியலில் களிமந்தானின் தஞ்சோங்புரமும் இருக்கிறது. இப்போது தலைநகர் எழும்புவது களிமந்தானில். நிலத்தின் ஒரு பகுதி, யூபா கிடைத்த மூவாரா காமான் இருக்கும் அதே கூத்தாய் கர்த்தநெகாரா மாவட்டத்துக்குள் வருகிறது.

பாக் இப்போது ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் இருக்கிறார். 2024 ஆகஸ்டு 17 கொடியேற்றத்தைப் புதுத் தலைநகரில் நடத்தினார்கள் அல்லவா, அன்றைக்கு அவருக்கு வாழ்த்து அனுப்பினேன். உங்கள் பக்கத்துக்கே தலைநகர் வந்துவிட்டது, மூலவர்மன் சந்தோஷப்படுவார் என்று எழுதியிருந்தேன். சமாரிண்டாவில் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மூலவர்மன் பெயர்தான். சாயங்காலம் பதில் வந்தது. "பேரன் பேரில் பல்கலைக்கழகம் சரி, மாஸ். தாத்தா பேரில் சங்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, தெரியுமா? என் பேத்தி அங்கேதான் பிறந்தாள்." கூடவே ஒரு போட்டோ. துணியில் சுற்றிய குழந்தை. பின்னால் சுவரில் பாதி மறைந்த பெயர்ப் பலகை. கடைசி எழுத்துகள் மட்டும் தெரிந்தன: ங்கா.